வடிகட்டியாச்சு… மிச்சம் எங்கே போகுது?

உங்கள் வீட்டு ஆர்.ஓ. மெஷினின் பின்பக்கத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள். ஒரு குழாய் தண்ணீரை உள்ளே கொண்டு வரும். இன்னொன்றில் குடிக்கிற தண்ணீர் வரும். மூன்றாவதாக ஒரு மெல்லிய குழாய் சிங்க் பக்கமாக வளைந்து போய் மறைந்துவிடும். அந்த மூன்றாவது குழாயை யாரும் கண்டுகொள்வதில்லை. எங்கள் வீட்டில் அம்மா மட்டும் அதை ஒரு பக்கெட்டுக்குத் திருப்பி வைத்திருக்கிறார். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் பிடித்தால் இரண்டு, மூன்று லிட்டர் அந்த பக்கெட்டில் சேர்ந்துவிடும். வீடு துடைக்கலாம், பாத்ரூம் கழுவலாம். "செடிக்கு மட்டும் ஊத்திடாதே, அத்தனை உப்பும் இதுலதான் இருக்கு" என்பார்.

அம்மா சொல்கிற அந்த ஒரு வரி தெரிந்தால் போதும், ஒரு மருந்து ஆலையின் கழிவுநீர் சுத்திகரிப்பு உங்களுக்குப் பாதி புரிந்த மாதிரிதான். அங்கேயும் இதே சவ்வுதான், அளவுதான் பெரிது. உப்போடு நுண்ணுயிரியும் மருந்தும் சேர்ந்து வரும். அங்கேயும் ஒரு மூன்றாவது குழாய் இருக்கிறது. அது எங்கே போகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

மருந்துக்குள் உயிர் எங்கே வந்தது?

மருந்து என்றாலே கெமிக்கல் என்று நினைத்துக்கொள்கிறோம். பல மருந்துகள் அப்படித்தான் வருகின்றன. ஆனால் பெனிசிலின் மாதிரி பல ஆன்டிபயாடிக் மருந்துகள், தடுப்பூசிகள், இன்சுலின் எல்லாம் உயிருள்ளவற்றை வளர்த்து எடுப்பவை. நம் வீட்டில் இட்லி மாவு புளிக்கிறதே, அதே வேலைதான். நாம் குண்டானில் புளிக்க வைக்கிறோம், ஆலையில் பல ஆயிரம் லிட்டர் பிடிக்கும் எஃகுத் தொட்டியில் புளிக்க வைக்கிறார்கள். பூஞ்சைக்குச் சர்க்கரையும் சத்தும் கொடுத்து, காற்றைச் செலுத்தி, நுரை பொங்காமல் இருக்க எண்ணெய் போன்ற ஒரு பொருளையும் சேர்த்து வளர்ப்பார்கள். அது வளரும்போது மருந்தைச் சுரக்கும். அந்த மருந்தைப் பிரித்து எடுத்ததும் ஆலையின் முதல் வேலை முடிந்தது.

மீதி? பூஞ்சைக் கூழ், சாப்பிடாமல் விட்ட சர்க்கரை, புரதம், உப்பு, நுரை அடக்கும் எண்ணெய், தொட்டி கழுவிய தண்ணீர், பிரித்தெடுக்கும்போது நழுவிப்போன கொஞ்சம் மருந்து எல்லாம் கலந்து கிடக்கும். தயாரித்த மருந்தைவிடக் கழிவின் எடை பல மடங்கு அதிகம். தடுப்பூசி ஆலை என்றால் பூஞ்சைக்குப் பதில் செல்களும் வைரஸும் இருக்கும்.

இந்தியாவுக்கு இது பழைய கதைதான். புனேக்குப் பக்கத்தில் பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் 1950களிலேயே பெனிசிலின் தயாரித்தது. பின்னாளில் மலிவான இறக்குமதி வந்ததும் உள்நாட்டு உற்பத்தி நின்றுபோனது. 2024ல் ஆந்திராவின் காக்கிநாடாவில் மறுபடியும் ஒரு பெரிய பெனிசிலின் ஆலை தொடங்கியிருக்கிறது. மருந்தின் மூலப்பொருளுக்கு வெளிநாட்டை நம்பியிருக்கக் கூடாது என்பது நல்ல விஷயம். ஆனால் உற்பத்தி திரும்பி வந்தால் அதன் கழிவும் கூடவே வரும்.

நம் மாநிலத்திலும் இந்தத் துறை உண்டு. குன்னூர் பாஸ்டியர் நிறுவனம் நூறு வருடத்துக்கும் மேலான வரலாறு கொண்டது, தடுப்பூசி தயாரிப்பது. திருப்போரூருக்குப் பக்கத்தில் ஆலத்தூரில் மருந்துத் தொழிலுக்கென்றே ஒரு தொழிற்பேட்டை இருக்கிறது. ஒரு வித்தியாசத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மூலப்பொருளை வாங்கி மாத்திரையாக அழுத்தி அட்டையில் அடைக்கிற ஆலை வேறு, மூலப்பொருளையே உருவாக்குகிற ஆலை வேறு. கழிவின் கனம் இரண்டாவதில்தான் அதிகம். ஆகவே உங்கள் ஊரில் ஒரு "மருந்துக் கம்பெனி" வருகிறது என்றால், இந்த இரண்டில் எது என்பதை முதலில் கேளுங்கள்.

ஒரு பக்கெட்டில் ஒரு மாத்திரை

இதைப் பற்றி இவ்வளவு கவலைப்பட என்ன இருக்கிறது? ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பட்டான்சேருவுக்குப் போனால் தெரியும்.

அங்கே சுமார் 90 மூலமருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் ஒரு பொது நிலையம் இருந்தது. கவனியுங்கள், சுத்திகரிப்பு நிலையம் இல்லாமல் இல்லை, இருந்தது. அதிலிருந்து சுத்திகரித்து வெளியே விட்ட தண்ணீரை ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் யோகிம் லார்சனின் குழு சோதித்து 2007ல் முடிவை வெளியிட்டது. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. டாக்டர் சீட்டில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள், 500 மில்லிகிராம் மாத்திரை. கணக்குப் போட்டால், ஒரு பக்கெட் தண்ணீரில் ஒரு முழு மாத்திரையைக் கரைத்துவிட்ட மாதிரி. நாள் முழுக்க, பக்கெட் பக்கெட்டாக. ஒரு நாளைக்குச் சுமார் 45 கிலோ சிப்ரோஃப்ளாக்சசின் இப்படி வெளியேறியது என்று அந்தக் குழு மதிப்பிட்டது. அதே குழு 2009ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், சுற்று வட்டாரத்து ஏரிகளிலும் கிணறுகளிலும்கூட மருந்து இருப்பது தெரிய வந்தது.

மருந்துதானே, விஷமா என்ன, என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிரச்சினை நம் வயிற்றில் தொடங்குவதில்லை. அந்தத் தண்ணீரில் வாழும் பாக்டீரியாக்களிடம் தொடங்குகிறது. தினமும் மருந்தில் குளிக்கிற பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை சாகும். தாக்குப்பிடிக்கிற சில மட்டும் பிழைத்துப் பெருகும். தாக்குப்பிடிக்கும் அந்த வித்தையை மரபணுவாகப் பக்கத்தில் இருக்கிற வேறு வகைப் பாக்டீரியாவுக்கும் கைமாற்றிவிடும். கடைசியில் அது ஒரு நோய்க்கிருமியிடம் போய்ச் சேர்ந்தால், ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதும் மருந்து வேலை செய்யாது. 2019ல் உலக அளவில் சுமார் 12.7 லட்சம் மரணங்களுக்கு மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றே நேரடிக் காரணம் என்று 'லான்செட்' இதழில் 2022ல் வந்த ஆய்வு கணக்கிட்டது. அத்தனைக்கும் ஆலைக் கழிவுதான் காரணம் என்று சொல்ல முடியாது. நாம் கண்டபடி மாத்திரை விழுங்குவதும், கால்நடைகளுக்குக் கொடுப்பதும் அதில் பெரிய பங்கு. ஆனால் ஆலைக் கழிவு என்பது ஒரே இடத்தில், ஒரே குழாயில் வருவது. அதனால் அடைக்கவும் முடியும்.

முதலில் வேக வைப்பது

உயிருள்ள கழிவு என்றால் முதல் விதி, அதைத் தொட்டியிலேயே கொன்றுவிட வேண்டும். சவ்வுக்கெல்லாம் அப்புறம்தான் வேலை. அழுத்தம் கொடுத்த நீராவியில் 121 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, குறிப்பிட்ட நேரம் அப்படியே வைத்திருப்பார்கள். கிட்டத்தட்ட நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் சூடு. சில இடங்களில் ரசாயனம் போட்டுக் கொல்வதும் உண்டு. உயிருள்ள தடுப்பூசி, செல் வளர்ப்பு போன்றவற்றின் கழிவை உற்பத்தி நடக்கும் இடத்திலேயே கிருமி நீக்கிவிட்டுத்தான் அடுத்த கட்டத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன.

சூடாக்கியாச்சு, எல்லாம் செத்தாச்சு, வேலை முடிஞ்சுதா? இல்லீங்க. செத்தது பூஞ்சையும் கிருமியும்தான். நழுவிப்போன மருந்து சாகவில்லை. அதற்கு உயிரே கிடையாதே. பெனிசிலின் சூட்டில் ஓரளவு சிதையும். சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி மருந்துகள் அவ்வளவு சுலபத்தில் அசையாது. இந்த இடத்திலிருந்துதான் சவ்வின் வேலை தொடங்குகிறது.

ஃபில்டர் காபி தெரிந்தால் போதும்

சவ்வு என்பது மிக மிகச் சிறிய துளைகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தோல். துளையின் அளவைப் பொறுத்து அதற்குப் பல பெயர்கள் வைத்திருக்கிறார்கள். பெயர்களை விடுங்கள், இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதல் வகையைச் சேமியா மாதிரி நீளமான, உள்ளே ஓட்டையுள்ள இழைகளாகச் செய்கிறார்கள். ஆயிரக்கணக்கான இழைகளைக் கட்டாகக் கட்டிக் கழிவுநீர்த் தொட்டிக்குள் தொங்கவிடுவார்கள். அந்தத் தொட்டியில் கழிவைத் தின்னும் நல்ல பாக்டீரியாக்களைக் காற்று ஊதி வளர்ப்பார்கள். அவை சர்க்கரையையும் புரதத்தையும் தின்று தீர்க்கும். பிறகு பம்ப் போட்டு இழைகளின் வழியாகத் தண்ணீரை மட்டும் உறிஞ்சி எடுப்பார்கள். இழையின் துளை 0.04 மைக்ரான் அளவில் இருக்கும். பாக்டீரியா ஒன்று, இரண்டு மைக்ரான். அதாவது துளையைவிட 25 மடங்காவது பெரிது. நுழையவே முடியாது. தண்ணீர் கண்ணாடி மாதிரி வெளியே வரும். பாக்டீரியாக்கள் உள்ளேயே தங்கிவிடுவதால் இன்னொரு லாபமும் உண்டு. சாதாரணச் சுத்திகரிப்பில் இருப்பதைவிட இரண்டு, மூன்று மடங்கு அடர்த்தியாக அவற்றை வைத்துக்கொள்ளலாம்; கடினமான பொருட்களை மெதுவாகத் தின்னும் வகைகளுக்கும் வளர அவகாசம் கிடைக்கும்.

நான் முதலில் இதைப் படித்தபோது, அவ்வளவுதான், பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். கண்ணாடி மாதிரித் தண்ணீர் வருகிறதே! ஃபில்டர் காபி போடும்போதுதான் தப்பு உறைத்தது. ஃபில்டரில் தூள் மேலேயே நின்றுவிடும். ஆனால் டிகாஷன் இறங்கிவிடுகிறதே? கரைந்தது எதுவோ அது தண்ணீரோடு போய்விடும். அந்த இழைச் சவ்வு தூளை, அதாவது பாக்டீரியாவை நிறுத்தும். டிகாஷனை, அதாவது கரைந்துபோன மருந்தை நிறுத்தாது. செத்த பாக்டீரியாவிலிருந்து சிந்திய மரபணுத் துண்டுகளில் சிலவும் அதில் நழுவலாம். பார்வைக்குத் தெளிவாக இருக்கிறது என்பதற்காக மருந்து கலந்த தண்ணீரைச் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது.

அதனால்தான் இரண்டாவது வகை தேவைப்படுகிறது. அதுதான் உங்கள் சமையலறையில் இருக்கிற ஆர்.ஓ. அதில் துளை என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. பெரிய அழுத்தம் கொடுத்தால் தண்ணீர் மூலக்கூறு மட்டும் நெருக்கியடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போகும். உப்பும் மருந்தின் மூலக்கூறும் பெரும்பாலும் இந்தப் பக்கமே நின்றுவிடும். சென்னை மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்குவது இதே முறையில்தான். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நகரக் கழிவுநீரை நாளொன்றுக்கு தலா 4.5 கோடி லிட்டர் அளவுக்குச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் 2019ல் தொடங்கின. அவற்றிலும் ஆர்.ஓ. உண்டு.

அப்படியானால் கழிவுநீரை நேரே ஆர்.ஓ.வுக்கே அனுப்பிவிட்டால் என்ன? அனுப்பலாம், சவ்வு சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். மருந்துக் கழிவில் இருக்கும் புரதமும் கூழும் சவ்வின் மேல் ஆடை மாதிரிப் படியும். நுரையை அடக்கப் போட்டோமே ஒரு எண்ணெய், அது ஒட்டிக்கொண்டால் விடுவது ரொம்பக் கஷ்டம். எனவேதான் முதலில் பாக்டீரியாத் தொட்டி, பிறகு இழைச் சவ்வு, கடைசியில் ஆர்.ஓ. என்று படிப்படியாக வைக்கிறார்கள். இழைச் சவ்வையும் சும்மா விடுவதில்லை. அடியிலிருந்து காற்றுக்குமிழி விட்டுக் குலுக்கிக்கொண்டே இருப்பார்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை உறிஞ்சுவதை நிறுத்தி மூச்சு விடவைப்பார்கள், அல்லது தண்ணீரைத் தலைகீழாகத் தள்ளுவார்கள். அவ்வப்போது பிளீச்சிங் திரவமும் சிட்ரிக் அமிலமும் போட்டு ஊறவைத்துக் கழுவுவார்கள். ஆனால் அந்தப் பிளீச்சிங்கின் குளோரின் ஆர்.ஓ. சவ்வில் பட்டால் போச்சு, சவ்வே கெட்டுவிடும். ஒரு சவ்வுக்கு மருந்தாக இருப்பது இன்னொரு சவ்வுக்கு விஷம்! இடையில் குளோரினை முறிக்க வேறொரு ரசாயனம் சேர்க்க வேண்டும். கவனமாகப் பார்த்துக்கொள்கிற ஆப்பரேட்டர் இல்லையென்றால் எத்தனை கோடிக்கு மெஷின் வாங்கியும் பிரயோஜனம் இல்லை. ஓர் இழை அறுந்தால்கூட அதன் வழியாகக் கழிவு நேராக வெளியே வரும். அதைக் கண்டுபிடிக்கத் தனியாக அழுத்தச் சோதனை உண்டு.

அந்த மூன்றாவது குழாய்

சவ்வு எதையும் அழிப்பதில்லை. இரண்டாகப் பிரிக்கிறது, அவ்வளவுதான். ஒரு பக்கம் நல்ல தண்ணீர் வந்தால், மறுபக்கம் உப்பும் மருந்தும் முன்பைவிடச் செறிவாகச் சேர்ந்த தண்ணீர் வரும். நல்ல தண்ணீர் எவ்வளவு அதிகமாகக் கிடைக்கிறதோ, மிச்சம் அவ்வளவு கெட்டியாகும். அந்த மிச்சத்தைத் திரும்பக் கால்வாயிலேயே விட்டால், செலவு செய்து வடிகட்டியதற்கே அர்த்தம் இல்லாமல் போகும்.

ஒழுங்காக நடக்கும் ஆலையில் அந்த மிச்சத்தைக் காய்ச்சுவார்கள். நீராவி கொண்டு பல கட்டங்களில் கொதிக்க வைத்துத் தண்ணீரை ஆவியாக்குவார்கள். ஒரு கட்டத்தில் வரும் ஆவியின் சூட்டை வைத்தே அடுத்த கட்டத்தைக் கொதிக்க வைப்பதால் எரிபொருள் கொஞ்சம் மிச்சமாகும். பாகு பதத்துக்கு வந்ததும் இன்னொரு இயந்திரத்தில் சுரண்டிச் சுரண்டிக் காயவைப்பார்கள். கடைசியில் மிஞ்சுவது உப்புத் தூள். அது சாதாரணக் குப்பை இல்லை. தீங்கு தரும் கழிவுக்கென்று அரசு அனுமதித்த இடத்துக்குத்தான் போக வேண்டும். நம் மாநிலத்தில் கும்மிடிப்பூண்டியில் அப்படி ஒரு வசதி இருக்கிறது. அடியில் கசியாத விரிப்புப் போட்ட குழியில் புதைப்பார்கள். பூஞ்சைக் கூழையும் செத்த பாக்டீரியாச் சேற்றையும் எரிக்க வேண்டும், அல்லது சிமெண்ட் ஆலைச் சூளைக்குக் கொடுக்கலாம். அங்கே இருக்கும் 1400 டிகிரிக்கு மேலான சூட்டில் எந்த மருந்தும் மிஞ்சாது. சீனாவில் ஒரு காலத்தில் ஆன்டிபயாடிக் பூஞ்சைக் கூழைச் சத்துள்ளது என்று கால்நடைத் தீவனத்தில் கலந்தார்கள். பிறகு அரசு தடை செய்து, தீங்கு தரும் கழிவுப் பட்டியலில் சேர்த்தது.

ஆவியாக்கி எடுத்த தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் ஆலையின் கொதிகலனுக்கும் குளிரூட்டும் கோபுரத்துக்கும் திரும்பிப் போகும். வெளியே ஒரு சொட்டும் விடாத இந்த ஏற்பாட்டைத்தான் 'பூஜ்ய வெளியேற்றம்' என்கிறார்கள். திருப்பூர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. நொய்யலில் சாயக்கழிவு கலந்த விவகாரத்தில், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. பூஜ்ய வெளியேற்றம் செய்தால்தான் திறக்கலாம் என்ற நிலை வந்தது. அங்கேயும் ஆர்.ஓ. போடுவது சுலபமாகவே முடிந்தது. மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சுகிற செலவும், காய்ந்த உப்பை வைக்க இடமும்தான் தலைவலியாக இருந்தன.

சுத்திகரிப்பில் செலவு அதிகம் பிடிக்கிற பகுதி இந்தக் காய்ச்சல்தான். எனவே குறுக்குவழி தேடுகிற ஆலை இதில்தான் கை வைக்கும். முன்பக்கத்தில் சவ்வு பளபளவென்று ஓடும், பார்வையாளர்களுக்குக் காட்டுவார்கள். பின்பக்கத்தில் மிச்சம் டேங்கர் லாரியில் ஏறி எங்கோ போகும், அல்லது நல்ல மழை பெய்கிற இரவில் ஓடையில் இறங்கும். எல்லா ஆலையும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கேள்வி கேட்பதாக இருந்தால், கேட்க வேண்டிய இடம் இது.

மீட்டர் பார்க்காதது

"ஆலைகளில் ஆன்லைன் மீட்டர் இருக்கிறதே, வாரியம் உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கிறதே?" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். உண்மைதான். மருந்துத் துறை உட்பட அதிகம் மாசுபடுத்தக்கூடிய 17 வகைத் தொழில்களில் தொடர் கண்காணிப்புக் கருவி வைக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014லேயே உத்தரவிட்டது. அந்தக் கருவி அமில காரத் தன்மை, மிதக்கும் துகள், தண்ணீரில் இருக்கும் மொத்தக் கரிமச் சுமை போன்றவற்றைப் பார்க்கிறது. மருந்தைத் தனியாகப் பார்ப்பதில்லை. மொத்தச் சுமை லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை போகலாம் என்று வரம்பு இருக்கும்போது, அதற்குள் 31 மில்லிகிராம் சிப்ரோஃப்ளாக்சசின் ஒளிந்திருந்தாலும் மீட்டர் பச்சையே காட்டும்.

ஆன்டிபயாடிக் ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு வைக்க, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஜனவரியில் ஒரு வரைவு வெளியிட்டது. 2021ல் வந்த இறுதி விதியில் அந்த வரம்புகள் இடம்பெறவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2024 செப்டம்பரில், ஆன்டிபயாடிக் உற்பத்திக் கழிவுக்கென்றே தன் முதல் வழிகாட்டுதலை வெளியிட்டிருக்கிறது. அது சட்டம் அல்ல, வழிகாட்டுதல்தான். ஆனாலும் தண்ணீரில் எந்த மருந்து எவ்வளவு இருக்கலாம் என்று கேட்பதற்கு இப்போது கையில் ஓர் அளவுகோல் இருக்கிறது.

இன்னொரு கேள்வியும் வரும். "எங்க வீட்ல ஆர்.ஓ. இருக்கு, எங்களுக்கு என்ன?" உங்கள் டம்ளருக்கு வரும் மருந்தை அது பெருமளவு தடுக்கும், சரி. ஆனால் ஏரியில் வளர்ந்த கிருமி உங்கள் டம்ளர் வழியாகத்தான் வர வேண்டும் என்றில்லை. கீரைக்கட்டில், மீனில், கால் நனைத்த குட்டைத் தண்ணீரில், ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கையில் என்று வழிகள் நிறைய.

உங்கள் போனில் என்ன செய்யலாம்?

மூலமருந்து ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் முன் அனுமதி கட்டாயம். அந்த அனுமதிக் கடிதம் மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் கிடைக்கும். மொபைலிலேயே திறக்கலாம். ஆலையின் பெயர் போட்டுத் தேடி, கடிதத்தில் "பூஜ்ய வெளியேற்றம்" நிபந்தனை இருக்கிறதா, ஒரு நாளைக்கு எவ்வளவு கழிவுநீர், மிச்சத்தைக் காய்ச்சும் இயந்திரத்தின் கொள்ளளவு எவ்வளவு, உப்பு எங்கே போக வேண்டும் என்று மட்டும் பாருங்கள். ஆங்கிலத்தில்தான் இருக்கும், நாற்பது பக்கம்கூட இருக்கும். மேலே படித்ததை வைத்து இந்த நான்கையும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆலை கொடுக்க வேண்டிய நிபந்தனை நிறைவேற்ற அறிக்கையும் பொது ஆவணம்தான்.

ஓடையில் நிறம் மாறியிருக்கிறது, நுரை மிதக்கிறது, மருந்து வாடை அடிக்கிறது என்றால் உடனே தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். வாரியத்தின் இணையதளத்திலும் புகார் பதியலாம். முதல்வரின் உதவி மைய எண் 1100லும் பதிந்து புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். லொக்கேஷன் ஆன் செய்து போட்டோ எடுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், டேங்கர் நின்றிருந்தால் வண்டி நம்பரையும்.

ஒன்று மட்டும் வேண்டாம். பாட்டிலில் நீங்களே தண்ணீர் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். தொடுவது ஆபத்து என்பது ஒரு பக்கம். சட்டப்படி அது சாட்சியாகவும் நிற்காது. 1974ஆம் ஆண்டின் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம், மாதிரி எடுப்பதற்கு என்று ஒரு முறை வைத்திருக்கிறது. வாரிய அதிகாரி ஆலைக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் முன்னிலையில் எடுத்து, இரண்டாகப் பிரித்து முத்திரை வைக்க வேண்டும். அந்த மாதிரிதான் கோர்ட்டில் நிற்கும். ஓடையில் ஓடியது ஒரு மணி நேரத்தில் கீழே போய்விடும் என்பதால், நீங்கள் சீக்கிரம் போன் செய்வதுதான் அதிகாரியைச் சரியான நேரத்தில் அங்கே கொண்டுபோய் நிறுத்தும்.

அதே சட்டத்தின் 25ஆவது பிரிவில் பலருக்கும் தெரியாத ஓர் உரிமை இருக்கிறது. ஆலைக்குக் கழிவுநீர் தொடர்பாக என்னென்ன நிபந்தனை விதித்தோம் என்று வாரியம் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். அந்தக் கழிவு வெளியேறும் இடத்தால் பாதிக்கப்படுகிறவரோ, அதில் அக்கறை உள்ளவரோ, அலுவலக நேரத்தில் போய் அதைப் பார்க்கலாம். தகவல் உரிமைச் சட்ட மனு போட்டு முப்பது நாள் காத்திருப்பதற்கு முன்னால், நேரே போய் இதைக் கேட்டுப் பாருங்கள். போகும்போது ஆலையின் முழுப்பெயர், கிராமம், முடிந்தால் சர்வே எண் இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். 25ஆவது பிரிவு, 6ஆவது உட்பிரிவு என்பதையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.